"சுன்னத் மருந்து" என்று எழுதியிருந்தால் போதுமா?



சூரமங்கலத்தில் என் பெரியத்தாவின் வீடு சேலம் சந்திப்பு இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. பழக்கடை வைத்திருந்தவர். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதந்தோறும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே இலவசமாக வந்துகொண்டிருந்தன. அவருக்கு ஒரே ஒரு குறை: சர்க்கரையைக் காரணம் காட்டி மருத்துவர் நோன்பு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரமழான் மாதம் முழுவதும் நோன்பு வைக்க வேண்டும் என்ற ஏக்கம் அவரைவிட்டு நீங்கவே இல்லை.

அந்த ஏக்கத்தைப் பார்த்த மருமகள், மஹல்லாப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு மூலிகைப் பொடியை வரவழைத்துக் கொடுத்தார். ஒரு புட்டி 1,450 ரூபாய். கருஞ்சீரகம், வெந்தயம், நாவற்கொட்டை, சிறுகுறிஞ்சான் எனப் பெயர்கள் எழுதியிருந்தன. மேலே பச்சை இலை. நடுவே அழகிய அரபு எழுத்து. ஓரத்தில் 'ஹலால்' என்ற வட்ட முத்திரை. குழுவில் வந்த செய்தியோ, நாற்பது நாளில் சர்க்கரை வேரோடு போய்விடும், ஆங்கில மாத்திரையை நிறுத்திவிடலாம், இது நபிவழி மருத்துவம் என்று உறுதி கூறியது. பெரியத்தா ரஜப் மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார். ஷஅபானிலும் பொடிதான். ரமழானின் இரண்டாம் வாரத்தில் காலில் ஏற்பட்ட சிறு கீறல் ஆறாமல் கறுத்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது சர்க்கரையின் அளவு 400-ஐத் தாண்டியிருந்தது. இரண்டு கால்விரல்களை எடுத்த பிறகே உயிர் தப்பினார். அல்ஹம்துலில்லாஹ், அவர் இன்று நலமாக இருக்கின்றார். பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுகின்றார்.

நோயாளியைப் பார்க்கச் சென்ற நாளில் அந்தப் புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பின்புறத்தில், பூதக்கண்ணாடி இன்றிப் படிக்க இயலாத ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருந்தது: மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று. அதன் கீழே 14 இலக்க உணவு உரிம எண். முன்புறம் மருந்து, பின்புறம் மருந்தன்று. ஒரே புட்டி.

இது அச்சுப் பிழையன்று. இந்தியாவில் இத்தகைய பொருள்கள் இரண்டு வாசல்கள் வழியாகச் சந்தைக்கு வருகின்றன. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தாக விற்பதாயின், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின்படி மாநில அரசின் தயாரிப்பு உரிமம் வேண்டும். உரிம எண், தொகுதி எண், உள்ளடக்கப் பொருள்கள், தயாரித்தவரின் முகவரி ஆகியவை மேலுறையில் இருக்க வேண்டும். உணவுக்குத் துணையான சத்துப்பொருளாக விற்பதாயின், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் போதும். ஆனால் 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்று தெளிவாக அச்சிட்டாக வேண்டும். இரண்டாம் வாசல் எளிது. ஆகவே பலர் அதன் வழியே உள்ளே நுழைந்து, கைப்பேசித் திரையில் முதல் வாசலின் பெயரைச் சொல்லி விற்கின்றனர். நோயைக் குணப்படுத்தும் என்ற சொல் புட்டியில் இராது. வாட்ஸ்அப் செய்தியில் இருக்கும். அந்த 14 இலக்க எண்ணைக் காட்டி "அரசே சான்று கொடுத்திருக்கிறது" என்கின்றனர். அரசு கொடுத்திருப்பது உணவு வணிகம் செய்வதற்கான அனுமதி மட்டுமே. மிளகாய்த்தூள் பொட்டலத்திலும் அதே போன்ற எண்தான் இருக்கின்றது.

நம் வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கறி வாங்கும்போது அறுத்தவர் யார் என்று கேட்காமல் வாங்குவதில்லை. பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, அதில் சேர்ந்துள்ள கொழுப்பு எதனுடையது என்று குழந்தைகள்கூடக் கேட்கின்றனர். மாத்திரைக் கூட்டின் ஜெலட்டின் மாட்டினுடையதா, பன்றியினுடையதா என்று உலமாக்களிடம் கேள்வி அனுப்புகின்றோம். ஆனால் அந்தக் கூட்டுக்குள் இருப்பது என்ன என்று நாம் கேட்டதுண்டா? அல்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசுகையில் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகின்றது (அல்பகரா 168). தூய்மையானது, நலம் பயப்பது, கேடற்றது என்றெல்லாம் பொருள்படும் அச்சொல்லை நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம். ஈயம் கலந்த பொடி பன்றிக் கொழுப்பு இல்லாததாக இருக்கலாம். அதனால் அது தய்யிப் ஆகிவிடுமா?

ஈயம் என்று சொல்வது மிகைப்படுத்துவதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் சாப்பரும் அவருடைய குழுவினரும் 2004-ஆம் ஆண்டில் அந்நகரின் சுற்றுவட்டாரத் தெற்காசியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தனர்; 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றோ பலவோ இருந்தன. அடுத்து இணையத்தில் விற்பனையாகும் மருந்துகளை எடுத்துக்கொண்டனர். 193 மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த உலோகங்கள் காணப்பட்டன. அமெரிக்காவில் தயாரானவை, இந்தியாவில் தயாரானவை என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. பாதரசம் முதலியவற்றைச் சுத்தி செய்து வேண்டுமென்றே சேர்க்கும் இரச வகை மருந்துகளில் விகிதம் கூடுதலாக இருந்தது உண்மையே. ஆனால் வெறும் மூலிகை எனப்பட்டவற்றிலும் ஆறில் ஒன்றுக்கு மேல் உலோகம் இருந்தது. மண்ணிலிருந்தோ, அரைக்கும் இயந்திரத்திலிருந்தோ, கலப்படத்தாலோ அது வந்திருக்கலாம். வாங்குபவருக்கு அது தெரிய வழியே இல்லை.

2011, 2012-ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை ஆறு கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தது. அனைவரும் இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மாத்திரைகளை உட்கொண்டவர்கள். தாயின் உடலுக்குள் சென்ற ஈயம் எலும்பில் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது அதுவும் கரைந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவில் உள்ள குழந்தையை அடையும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குறைப்பதில் ஈயத்தின் அளவு இத்தனைக்குக் கீழே இருந்தால் கேடில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. 'கர்ப்பகால லேகியம்', 'குழந்தைக்கு ஞாபகசக்திப் பொடி' என்றெல்லாம் நம் பெண்களின் குழுக்களில் வரும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஆறு தாய்மார்கள்தாம்.

இங்கே மூலிகை அல்லாத ஒன்றையும் இடையில் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அதுவும் அதே கடைகளில், அதே 'சுன்னத்' பெயரில் விற்கப்படுகின்றது. இஸ்மித் சுர்மாவை நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்ததாக ஹதீஸ்கள் உள்ளன. இஸ்மித் என்பது ஆன்டிமனிக் கல். ஆனால் இன்று சந்தையில் சுர்மா என்று விற்கும் கருந்தூளைச் சோதித்தவர்கள் பலமுறை கண்டது ஈய சல்ஃபைடு என்னும் வேறொரு கல்லின் தூளையே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல மின்னும். தொட்டில் குழந்தையின் கண்ணில் சுன்னத் என்று எண்ணி நாம் தீட்டுவது அதுவாக இருந்தால்?

சரி, உலோகம் இல்லாத, தூய மூலிகை என்றே வைத்துக்கொள்வோம். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கஷாயம் குடிக்காத வீடு குறைவு. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதங்களில் மும்பையில் சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவுசெய்தனர். அதன்பின் நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டன. ஆயுஷ் அமைச்சகம் இதனை மறுத்தது. சீந்தில் பாதுகாப்பானது, அதனைப் போன்றே தோன்றும் வேறொரு கொடியை அவர்கள் உட்கொண்டிருக்கலாம் என்றது. மருத்துவர்கள் கூறுவது சரியா, அமைச்சகம் கூறுவது சரியா என்று தீர்ப்பளிக்க நான் தகுதியுடையவன் அல்லன். ஆனால் அமைச்சகத்தின் மறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சீந்தில் என்று எழுதிய பொட்டலத்தில் சீந்தில் இல்லாமல் போகலாம் என்பதைத்தானே அதுவும் ஒப்புக்கொள்கின்றது?

தேன் விஷயமும் இத்தகையதே. தேனில் நிவாரணம் உண்டு என்று அந்நஹ்ல் அத்தியாயம் கூறுவதை நாம் ஈமான் கொண்டவர்கள். அந்த நம்பிக்கையையே முதலாக்கி, ஆண்மைக்கு எனத் தேன் பொட்டலங்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. 2022 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அவற்றின் தேனில் வயாக்ரா, சியாலிஸ் ஆகியவற்றின் மூலமருந்துகள் சொல்லாமல் கலக்கப்பட்டிருந்தன. இதய வலிக்காக நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொள்ளும் ஒருவர் இந்தத் தேனை உண்டால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஒரு பொடி உடனே 'வேலை செய்கிறது' என்றால் மகிழ்வதற்கு முன் அஞ்ச வேண்டும். மூட்டுவலிப் பொடி மூன்றே நாளில் வலியைப் போக்கினால் அதில் ஸ்டீராய்டு இருக்கின்றதா என்ற ஐயம் எழ வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் காண்கின்றோம். குவியலுக்குள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கூறினார்கள். இந்த ஹதீஸை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கின்றோம். வணிகரின் குற்றத்தைப் பற்றியே பயான்கள் பேசுகின்றன. நான் கவனிப்பது அந்தக் கையை. மேற்பரப்பு உலர்ந்திருந்ததைக் கண்டு நபியவர்கள் திருப்தியடையவில்லை. உள்ளே கைவைத்துப் பார்த்தார்கள்.

சேலத்து லீ பஜாரிலோ, சூரமங்கலம் உழவர் சந்தைக்கு வரும் பாட்டிமார்களின் கூடையிலோ நாம் வாங்கும் மூலிகைக்கு இந்தச் சோதனை இன்னும் ஓரளவு சாத்தியம். கொல்லிமலையிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இறங்கும் வேரையும் பட்டையையும் நாட்டு மருந்துக் கடையில் முழுதாகப் பார்க்கலாம், ஒடிக்கலாம், முகரலாம். பழைய கடைக்காரர்கள் சாக்கின் வாயைத் திறந்தே வைத்திருப்பர். பொடியாக்கிய பிறகு கண்ணுக்கும் மூக்குக்கும் வேலையில்லை. நம் மாவட்டம் நன்கறிந்த மஞ்சளையே பாருங்கள். வங்காளதேசத்தில் மஞ்சள்தூளின் நிறம் பளிச்சிடுவதற்காக ஈயக் குரோமேட் என்னும் நச்சுச் சாயத்தைப் பல்லாண்டுகள் பூசி வந்தனர். 2019-இல் அந்நாட்டு அரசு சந்தைகளில் சோதனை நடத்தி அபராதம் விதித்தது, மக்களுக்கு அறிவித்தது. சோதித்த மாதிரிகளில் ஈயம் கலந்தவை 2019-இல் 47 விழுக்காடு. 2021-இல் ஒன்றுகூட இல்லை. இரண்டே ஆண்டுகள். குவியலுக்குள் கையை நுழைக்க ஓர் அரசு முன்வந்ததால் நிகழ்ந்தது அது.

நம் முன்னோரிடமும் இந்தக் கை இருந்தது. முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளர் முஸ்லிம் நகரங்களில் நியமிக்கப்பட்டார். 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ அத்தகைய அதிகாரிகளுக்காக எழுதிய கையேட்டில், மருந்துச் சரக்கு விற்போருக்கும் ஷர்பத் காய்ச்சுவோருக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உள்ளன. எந்தச் சரக்கில் எதனைக் கலப்பர், அதனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கியிருக்கின்றார். நபிவழி மருத்துவம் என்ற பெயரைச் சொல்லி விற்போர் இந்த மரபை மட்டும் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

கருஞ்சீரகத்தைப் பற்றிய ஹதீஸைச் சொல்லி என்னிடம் வாதிட்ட நண்பர் ஒருவர் உண்டு. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அது மருந்து என்ற கருத்து புகாரியிலும் முஸ்லிமிலும் ஸஹீஹாக வந்திருக்கின்றது. அதனை மறுக்க நான் யார்? ஆனால் அந்தச் சொல் பொதுவாக அமைந்திருந்தாலும் அதன் கருத்து குறிப்பிட்ட வகை நோய்களுக்கே உரியது என்று இமாம் அல்கத்தாபீ போன்ற ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் அன்றே எழுதியுள்ளனர். அவர்களுக்கு நம்மைவிட ஈமான் குறைவா? மேலும் ஹதீஸ் கருஞ்சீரகத்தைப் பற்றியது. யாரோ ஒருவர் எங்கோ அடைத்த புட்டியைப் பற்றியது அன்று. அதில் கருஞ்சீரக எண்ணெய் எத்தனை பங்கு, மலிவான எண்ணெய் எத்தனை பங்கு என்பதற்கு ஹதீஸ் பொறுப்பாகாது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது மருத்துவம் அறிந்த ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு நபியவர்கள் கூறியதாக அபூதாவூதில் உள்ளது. அறிந்தவரிடம் செல்வதும் சுன்னத்துதான்.

"ஆங்கில மருந்தில் மட்டும் கேடில்லையா?" என்று அதே நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தனர். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு இருந்தது. அந்தத் தாய்மார்களின் கண்ணீருக்கு எவரும் ஈடு செய்ய முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் புட்டியில் தொகுதி எண் இருந்தது, தயாரித்த இடம் இருந்தது. ஆகவே எந்தத் தொகுதி என்று அறிந்து, விற்பனையைத் தடுத்து, ஆலையை மூடி, உரிமையாளரைக் கைதுசெய்ய முடிந்தது. பெரியத்தா உட்கொண்ட பொடியில் தொகுதி எண் இல்லை. முகவரி என்ற இடத்தில் ஓர் ஊரின் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே. அதனால் இன்னும் எத்தனை பேருக்குப் பாதிப்பு நேர்ந்திருந்தாலும் அதனைக் கூட்டிப் பார்க்க எவராலும் இயலாது.

சட்டம் இல்லாமல் இல்லை. நோய்களின் பட்டியல் ஒன்றை வகுத்து, அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்கிய சட்டம் 1954-இல் வந்தது. அட்டவணையில் உள்ள 54 நோய்களுள் சர்க்கரை நோயும் ஒன்று, புற்றுநோயும் ஒன்று. அச்சட்டம் விளம்பரம் என்பதற்குத் தரும் விளக்கம் வியப்பானது: துண்டறிக்கை, மேலுறை, வாய்மொழி அறிவிப்பு மட்டுமல்லாமல் ஒளி, ஒலி, புகை ஆகியவற்றால் செய்வதும் விளம்பரமே. புகையையே விடாதவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை விட்டுவிடுவார்களா? இச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் தில்லி லால் குவானின் ஹம்தர்த் தவாகானாவும் ஒன்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாம் நன்மதிப்பு வைத்திருக்கும் யுனானி வக்ஃபு நிறுவனம் அது. 1959 டிசம்பரில் வந்த தீர்ப்பு, சட்டத்தின் சில பகுதிகளை நீக்கியதெனினும், மக்கள் தாமே மருந்து உட்கொள்ளத் தூண்டும் இத்தகைய விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வராது என்ற அடிப்படையை நிலைநிறுத்தியது. 65 ஆண்டுகள் கழித்து, 2024-இல், அதே உச்ச நீதிமன்றத்தில் பதஞ்சலி நிறுவனத்தார் தம் விளம்பரங்களுக்காக மன்னிப்புக் கேட்டு நின்றனர். நாளிதழ்களிலும் மன்னிப்பை வெளியிட்டனர். காவியோ பச்சையோ, நம்பிக்கையைப் புட்டியில் ஒட்டி விற்கும் முறை ஒன்றுதான்.

இவ்வளவும் எழுதுவதால் மூலிகைக்கு எதிரானவன் என்று என்னை எண்ண வேண்டாம். சளிக்கு என் வீட்டில் இன்றும் கற்பூரவல்லிதான். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கின்றது; அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகின்றது; டாம்ப்கால் என்னும் அரசு நிறுவனம் 1983 முதல் இம்மருந்துகளைத் தயாரித்து வருகின்றது. பட்டம் பெற்ற ஹகீமோ சித்த மருத்துவரோ நாடி பார்த்து, ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளைக் கேட்டறிந்து கொடுக்கும் மருந்தும், குழுவில் வரும் புட்டியும் ஒன்றாகா. கருஞ்சீரகமும் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கக்கூடியதே. மாத்திரையோடு சேரும்போது அளவு மிஞ்சலாம். ஆகவே மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. "திட்டுவார்" என்று மறைப்பவர்களே அதிகம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: இந்தத் தொகுதிக்கு ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் ஆகியவற்றின் சோதனை அறிக்கை எங்கே? மூலிகை மருந்தில் ஈயம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு, அதாவது 10 பி.பி.எம்-க்கு, மிகக் கூடாது; ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை எல்லைகள். நேர்மையான தயாரிப்பாளரிடம் அந்தக் காகிதம் இருக்கும். நானும் பெரியத்தாவின் புட்டியில் இருந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பி அறிக்கை கேட்டேன். "மாஷா அல்லாஹ், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று பதில் வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிட்டிருக்கின்றேன். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் புட்டியின் நிழற்படங்களோடு எழுதியிருக்கின்றேன். புட்டியையும் விலைச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். அவையின்றி எந்தப் புகாரும் நிற்காது.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்லிவிடுகின்றேன். அந்தப் பொடியைக் குழுவில் விற்றவர் எங்கோ இருக்கும் வஞ்சகர் அல்லர். எங்கள் தெருவைச் சேர்ந்த சகோதரி, கணவரை இழந்தவர், வீட்டிலிருந்தே ஹலாலாகச் சம்பாதிக்க வேண்டும் என்று தொடங்கியவர். ஒரு புட்டிக்கு அவருக்குக் கிடைத்தது 200 ரூபாய். செய்தியை அவர் எழுதவில்லை. வந்ததை அப்படியே அனுப்பினார். இன்று நம் ஊர்களில் இத்தகைய சகோதரிகள் எத்தனையோ பேர். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கின்றேன். ஆயினும் மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் உள்ளது. மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்வது மருத்துவம் செய்வதேயாகும். அதை அனுப்பிய விரலுக்கும் அதில் பங்குண்டு. குழுவின் நிர்வாகிகளாக இருக்கும் நமக்கும், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் புட்டி விற்க இடம் கொடுக்கும் ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும்கூட.

பெரியத்தா மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரத்தில் அந்தச் சகோதரி வீட்டுக்கு வந்தார். பர்தாவின் ஓரத்தால் கண்களைத் துடைத்துக்கொண்டே நெடுநேரம் வாசற்படியில் நின்றார். பெரியம்மா அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். தாம் விற்ற புட்டிகளின் கணக்கை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார், பதினேழு வீடுகள். இருவருமாக அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினர்: மாத்திரையை நிறுத்தியிருந்தால் நாளைக்கே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று. நான்கு பேர் நிறுத்தியிருந்தனர். மூவர் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றுவிட்டனர். நான்காமவர் நாமக்கல் பக்கம் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்திருக்கின்றார். பழைய எண் இயங்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாரேனும் இருக்கின்றார்களா என்று எங்கள் மஹல்லாவில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கின்றோம்.